நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே

அமைப்புசாராத் தொழிலாளர்களும் சிறு விவசாயிகளும் முதுமையில் மாதந்தோறும் ஒரு தொகை பெறுவதற்கென ஒன்றிய அரசு மூன்று பங்களிப்புத் திட்டங்களை நடத்துகிறது. அடல் பென்ஷன் யோஜனா 2015-இல் வந்தது. ஷ்ரம் யோகி மான்தனும், சிறு, குறு விவசாயிகளுக்கான கிசான் மான்தனும் 2019-இல் வந்தன. மூன்றிலும் சேர்வதற்கான வயது 18 முதல் 40 வரை. அதைத் தாண்டியவருக்கு மூன்று கதவுகளும் சாத்தப்பட்டுவிடும். அரசே தரும் முதியோர் உதவித்தொகையின் கதவு அறுபதில்தான் திறக்கிறது, அதுவும் ஆதரவற்றவர்களுக்கு. இடையில் இருபது ஆண்டுகள் கிடக்கின்றன. கண்ணுக்குச் சாளேசரம் வந்து, மாத்திரை அட்டையிலுள்ள பொடி எழுத்தைக் கையை நீட்டிப் பிடித்துப் படிக்கும் பருவம் அது. நாற்பதைக் குறிக்கும் ‘சாலீஸ்’ என்ற சொல்லின் அடியாகவே அந்தக் குறைபாட்டுக்குப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். தமக்கும் வயதாகிறது என்பதை மனிதர்கள் முதன்முதலாக உடம்பால் உணர்வது இப்போதுதான். ஆனால் குடும்பச் செலவு உச்சத்தில் நிற்பதும் இப்போதுதான். முதுமை எப்படி அமையும் என்பது பெரும்பாலும் இந்த இருபது ஆண்டுகளில் முடிவாகிவிடுகிறது. தமிழ்க் குடும்பங்களில் அந்த முடிவை எடுப்பவர் யாரும் இல்லை. பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், வீடு என்ற வரிசை தானாகவே அதை எடுத்துவிடுகிறது. ஆகவே ஓய்வுக்காலத்துக்கான தயாரிப்பு எந்த முதலீட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியில் தொடங்குவதில்லை, அந்த வரிசையைத் திருத்தி எழுதுவதில் தொடங்குகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஓய்வு என்ற கருத்தே அண்மைக் காலத்தது. 1889-இல் ஜெர்மனியில் பிஸ்மார்க் கொண்டுவந்த முதியோர் காப்பீட்டுச் சட்டம் எழுபது வயதில்தான் பணம் கொடுத்தது. 1916-இல் அது அறுபத்தைந்தாகக் குறைந்தது. இந்தியாவில் பென்ஷன் காலனிய நிர்வாகத்தோடு வந்த ஏற்பாடு. 1871-ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம் அரசு ஊழியரை மனத்தில் கொண்டது. ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையோ அருளோ அல்ல, உழைத்தவரின் உரிமை என்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17-இல் தீர்ப்பளித்தபோதும் பேசப்பட்டது அந்தச் சிறு வட்டத்தின் உரிமைதான். உழவருக்கும் நெசவாளிக்கும் மளிகைக்கடைக்காரருக்கும் ‘ரிடையர்மென்ட்’ என்றொரு நாள் இருந்ததில்லை. உடம்பு முடியாமல் போகும் நாளே அவர்களுக்கு ஓய்வு, வளர்ந்த பிள்ளைகளே பென்ஷன். ஒருவரும் இல்லாதவர்களுக்காகத் தமிழ்நாடு 1962-லேயே முதியோர் உதவித்தொகையைத் தொடங்கியது. இன்று அது மாதம் 1,200 ரூபாய். நாட்டின் முதியோரில் 78 விழுக்காட்டினருக்கு எந்த ஓய்வூதியப் பாதுகாப்பும் இல்லை என்று நிதி ஆயோக் 2024-இல் வெளியிட்ட ஆவணம் சொல்கிறது. அப்படியென்றால் இந்த நாட்டின் உண்மையான ஓய்வூதியத் திட்டம் இன்றைக்கும் குடும்பம்தான். அந்தத் திட்டத்தின் கணக்கு இன்னும் சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி.

அந்தக் கணக்கு மாறிவிட்டது. தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெற்ற குழந்தைகளின் எண்ணிக்கை 1971-இல் 3.9. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிலைக்கத் தேவையான 2.1 என்ற அளவை மாநிலம் 1993-ஐ ஒட்டி எட்டியது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அறிக்கையில் அது 1.4. இன்னொரு பக்கம், அறுபதைத் தொட்ட ஓர் இந்தியர் மேற்கொண்டு சுமார் 18 ஆண்டுகள் வாழ்கிறார். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 விழுக்காட்டினர் அறுபதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கும் கோவாவுக்கும் அடுத்த இடம். 2031-இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. இந்த எண்களை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒருவர் பெற்றோரை வைத்துக்கொண்டார், இன்னொருவர் நெல் அனுப்பினார், மூன்றாமவர் ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்தார், படுக்கையில் விழுந்தபோது மகள் வந்து தங்கினாள். ஒருவர் கைவிட்டாலும் மற்றவர் தாங்கினார்கள். அதாவது ஆபத்து நால்வரிடையே பங்கிடப்பட்டிருந்தது. ஒரே பிள்ளையும் பெங்களூரிலோ டொரண்டோவிலோ இருக்கும் வீட்டில் பங்கிட ஆளில்லை. தனிப் பிள்ளையாகப் பிறந்த ஒருவர் தனிப் பிள்ளையாகப் பிறந்த இன்னொருவரை மணந்தால், அவர்கள் இருவர் தலையில் நான்கு முதியவர்கள். 1990-களில் இரண்டோடு நிறுத்திக்கொண்ட பெற்றோர் இப்போதுதான் ஓய்வின் வாசலில் நிற்கிறார்கள். பழைய ஏற்பாட்டின் பழைய எண்ணிக்கை இல்லாமல் முதுமைக்குள் நுழையப்போகும் முதல் பெருங்கூட்டம் இவர்களும் இவர்களுக்குப் பின்னால் வரும் நாற்பதுகாரர்களும்தான்.

இந்த மாற்றத்துக்கேற்ப நடுவயதின் வரவுசெலவு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. குடும்பங்களின் நிதி நிலையை ஆராய ரிசர்வ் வங்கி அமைத்த தருண் ராமதுரை தலைமையிலான குழு 2017-இல் தந்த அறிக்கையின்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 விழுக்காடு வீடு, மனை முதலிய பௌதிகச் சொத்து, 11 விழுக்காடு தங்கம். வங்கி, வைப்புநிதி, காப்பீடு, ஓய்வூதியம், பங்கு எல்லாம் சேர்ந்து மிச்சமுள்ள 5 விழுக்காடுதான். ஓய்வு வயதை நெருங்கும்போதும் கடன் தீராமல் தொடர்வது இந்தியக் குடும்பங்களின் இயல்பாக இருப்பதையும் அக்குழு சுட்டிக்காட்டியது. இதற்கான காரணம் நம் வீடுகளிலேயே தெரிகிறது. முப்பத்தெட்டில் வாங்கிய வீட்டுக் கடனின் தவணை ஐம்பத்தெட்டு வரை ஓடுகிறது. அதன் நடுவிலேயே கல்லூரிக் கட்டணம் வருகிறது. ஐம்பதுக்கு மேல் கல்யாணம் வருகிறது. நகைச் சீட்டு போதாமல் தனிநபர் கடன் சேர்கிறது. கல்விக்கும் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் வைப்புநிதியிலிருந்து இடையில் பணம் எடுக்கச் சட்டமே வழிவிட்டிருக்கிறது. வேலை மாறும்போதெல்லாம் ‘பி.எஃப். பணத்தை’ எடுத்துவிடும் பழக்கம் வேறு. வீடும் தங்கமும் சொத்துதான், சந்தேகமில்லை. ஆனால் குடியிருக்கும் வீட்டின் ஒரு சன்னலை விற்று மாத்திரை வாங்க முடியாது. நகையோ பெரும்பாலும் மகளோடு போய்விடுகிறது, அல்லது அடகுக்கடைக்கும் வீட்டுக்கும் நடக்கிறது. மாதந்தோறும் கையில் வந்து விழும் பணமாக மாறாத சொத்து, முதுமையில் பாதிச் சொத்துதான்.

தள்ளிப்போடுவதன் விலை எவ்வளவு என்பதை எளிய கணக்கால் காட்டலாம். மாதம் 5,000 ரூபாயை 8 விழுக்காடு வளரும் சேமிப்பில் முப்பது வயதிலிருந்து அறுபது வரை போடுபவருக்குக் கடைசியில் ஏறத்தாழ 74.5 லட்சம் சேரும். அதே தொகையை நாற்பத்தைந்தில் தொடங்குபவருக்குச் சேருவது 17.3 லட்சம். காலம் பாதியாகக் குறைந்தது, கிடைப்பது கால்வாசியைவிடக் குறைந்தது. முன்னவரை எட்ட வேண்டுமென்றால் பின்னவர் மாதம் 21,500 ரூபாய் போட வேண்டும். இதற்கு மறுபக்கம் விலைவாசி. அது ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுவதாக வைத்தால், இன்று 25,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்கு இருபது ஆண்டு கழித்து 80,000 ரூபாய் தேவைப்படும். நாற்பதைத் தொட்ட ஒருவர் அடல் பென்ஷனில் மாதம் 5,000 பெற வேண்டுமென்று சேர்ந்தால் மாதம் 1,454 ரூபாய் கட்ட வேண்டும்; பதினெட்டில் சேர்ந்தவருக்கு அது 210 மட்டுமே. நாற்பதுகாரர் இவ்வளவு கட்டி அறுபதில் பெறப்போகும் 5,000 ரூபாயின் வாங்கும் சக்தி, அதே விலைவாசிக் கணக்கில், இன்றைய 1,560 ரூபாய்க்குச் சமம்.

சம்பளக்காரர்கள் இந்தக் கவலைக்கு வெளியே இருப்பதாக நினைப்பதற்கும் இடமில்லை. தனியார் துறை ஊழியருக்கான 1995-ஆம் ஆண்டின் ஓய்வூதியத் திட்டத்தில், ஊதியத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் வருவதே பென்ஷன். 2014-இல் நிர்ணயிக்கப்பட்ட 15,000 ரூபாய் ஊதிய உச்சவரம்பின்படி பங்களித்தவருக்கு 35 ஆண்டுகள் கணக்கில் வந்தாலும் மாதம் 7,500 ரூபாய்தான் கிடைக்கும். விலைவாசியோடு அது உயர்வதுமில்லை. குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். அரசுப் பணியிலும் 2003 ஏப்ரல் முதல் சேர்ந்த தமிழ்நாட்டு ஊழியர்கள் பழைய ஓய்வூதியத்திலிருந்து பங்களிப்புத் திட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். ஒன்றிய அரசு 2004 ஜனவரியில் அதே வழியில் போனது. இந்த மாற்றத்தை எதிர்த்து நடந்துவரும் போராட்டங்கள் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. அன்று பணியில் சேர்ந்த இளைஞர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் சம்பளத் துண்டில் ஒரு வரியாக மட்டுமே இருந்த பென்ஷன், நடுவயதில்தான் அவர்களுக்கு வாழ்க்கைப் பிரச்சினையாகத் தெரிகிறது.

பணத்துக்குப் பொருந்துவது உடம்புக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மறதிநோய் பற்றி லான்செட் இதழ் அமைத்த ஆய்வுக்குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிடுகிறது. அவற்றை முற்றாக நீக்க முடிந்தால் உலகில் ஏற்படும் மறதிநோயில் சுமார் 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் மதிப்பீடு. அந்தப் பதினான்கில் பத்து நடுவயதுக்குரியவை: உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், புகை, மிதமிஞ்சிய குடி, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தலைக்காயம், கவனிக்காமல் விட்ட காது மந்தம். எழுபத்தைந்து வயதுக்காரருக்குப் பெயர்கள் மறந்துபோவதற்கான ஏற்பாடு அவருடைய நாற்பத்தைந்தில், அவர் தலைக்கவசம் இல்லாமல் வண்டி ஓட்டிய நாட்களிலும் ‘பிரஷர் மாத்திரையை’ தானாகவே நிறுத்திக்கொண்ட மாதங்களிலும் நடந்திருக்கக்கூடும். இந்தியாவின் மூப்பு பற்றிய மிகப் பெரிய கள ஆய்வான லாசி, 72,000-க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்தபோது அறுபதிலிருந்து தொடங்கவில்லை. 45 வயதிலிருந்து தொடங்கியது. ஆய்வாளர்களுக்குத் தெரிந்த இந்தக் கணக்கு ஆட்சியாளர்களுக்கும் ஓரளவு தெரிந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே வந்து அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது, மாத்திரை தருகிறது. முதியோருக்கான திட்டம் என்ற பெயர் அதற்கு இல்லை. ஆனால் இருபது ஆண்டு கழித்து அதன் பலன் முதியோர் வார்டில்தான் தெரியும்.

பெண்களின் கணக்கைத் தனியாகப் போட வேண்டும். அவர்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கிறார்கள், கணவரைவிடச் சில வயது இளையவர்களாகவும் இருக்கிறார்கள். அறுபதைக் கடந்த இந்தியப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள். எனவே ஒரு தம்பதியின் ஓய்வுக்காலத் திட்டம் என்பது, அதன் கடைசிப் பகுதியில், தனித்திருக்கும் ஒரு பெண்ணின் திட்டம். அந்தப் பெண்ணோ ஊதிய வேலையிலிருந்து குழந்தைக்காக ஒரு முறையும் மாமியாரின் நோய்க்காக இன்னொரு முறையும் விலகியவர். பத்தாண்டு பணிக்காலம் நிறையாததால் மாத ஓய்வூதியத் தகுதியை இழந்தவர்களில் இப்படிப்பட்டவர்களும் உண்டு. வீட்டுப் பத்திரம் கணவர் பெயரில், சேமிப்புக் கணக்கு கணவர் பெயரில், காப்பீட்டுத் தாள் எந்த பீரோவில் இருக்கிறது என்பதுகூடக் கணவருக்கே தெரியும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46-47. மேலைநாட்டுப் பெண்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே எலும்பின் வலு குறையத் தொடங்குகிறது. குடும்பத்தில் எல்லோருடைய முதுமைக்கும் கை கொடுக்கும் ஒருவரின் முதுமைக்கு மட்டும் கணக்கெழுதப்படவில்லை என்பதே நம் ஏற்பாட்டின் ஆகப்பெரிய ஓட்டை.

இங்கே எழும் முதல் மறுப்பு பண்பாடு சார்ந்தது. பெற்றோரைப் பேணுவது நம் வழக்கம். தனக்கென்று தனியாகச் சேர்ப்பது பிள்ளைகள் மேல் வைக்கும் அவநம்பிக்கை ஆகாதா என்று கேட்கலாம். பிள்ளைகளின் அன்பு குறைந்துவிட்டது என்று இந்த வாதம் சொல்லவில்லை. பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்து, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கத் தீர்ப்பாயம் அமைத்தது உண்மை. ஆனால் உறவு முறிந்த பிறகு போகும் இடம் அது; பெரும்பாலான வீடுகளில் உறவு முறியவில்லை. குறைந்திருப்பது தாங்கும் தோள்களின் எண்ணிக்கை. தந்தையின் இதய சிகிச்சைக்குக் கடன் வாங்கிய மகன், தன் நாற்பதுகளில் தனக்காக எதையும் சேர்க்க மாட்டான். அவனுடைய முதுமை அவன் பிள்ளையின் தலையில் விழும். இந்தத் தொடர் ஏதாவது ஒரு தலைமுறையில் அறுபட வேண்டும். அதை அறுக்கும் தலைமுறை பிள்ளைகளை நம்பாத தலைமுறை ஆகிவிடாது. பணத்துக்காகப் பிள்ளைகளை எதிர்பார்க்காத பெற்றோரிடம், பிள்ளைகள் தரக்கூடியது நேரமும் துணையும்தான். முதியவர்கள் அதிகம் ஏங்குவதும் அதற்குத்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. திருப்பூரில் பனியன் தைப்பவரிடமும் கட்டட வேலைக்குப் போகும் சித்தாளிடமும் போய் ‘நாற்பதில் திட்டமிடு’ என்பது வசதியுள்ளவர்களின் உபதேசம். மிஞ்சாத கூலியில் எதைச் சேமிப்பது? இது சரியான கேள்வி. இதற்குச் சிக்கனம் விடையாகாது. வசதியுள்ளவரின் நடுவயதைத் திருத்துவது குடும்பத்தின் வேலையென்றால், வசதியற்றவரின் நடுவயதைத் திருத்துவது அரசின் வேலை. நாற்பதோடு கதவைச் சாத்துவதற்குச் சொல்லப்படும் காரணம், குறைந்தது இருபது ஆண்டுகள் கட்டினால்தான் உறுதியளித்த தொகையைத் தர முடியும் என்பது. கணக்கு அளவில் அது நியாயம். ஆனால் நாற்பத்தைந்தில் வருபவருக்குச் சிறிய தொகையையோ, அறுபத்தைந்தில் தொடங்கும் பென்ஷனையோ தரலாமே. 2009 முதல் எல்லாக் குடிமக்களுக்கும் திறந்திருக்கும் தேசிய ஓய்வூதியத் திட்டத்தில் நாற்பது என்ற வயதுத் தடை இல்லைதான். அங்கே உறுதியான தொகையும் இல்லை, ஷ்ரம் யோகியில் தொழிலாளி கட்டுவதற்கு ஈடாக அரசு போடும் பங்கும் இல்லை. தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழியில் உருவான நல வாரியங்கள் ஏற்கெனவே தொழில்வாரியாக ஆட்களைப் பதிவுசெய்து வைத்திருக்கின்றன. நாற்பதைக் கடந்த உறுப்பினருக்கு அரசின் இணைப்பங்கோடு ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்க இதைவிடத் தயாரான அமைப்பு வேறில்லை.

மூன்றாவதாக, உடம்பு ஒத்துழைக்கும் வரை வேலை செய்தால் போயிற்று என்பவர்கள் உண்டு. தமிழ்நாடு அரசு தன் ஊழியரின் ஓய்வு வயதை 2020-இல் 58-இலிருந்து 59-ஆகவும், 2021-இல் 60-ஆகவும் உயர்த்தியதை அவர்கள் காட்டலாம். மேசை வேலைக்கு இது பொருந்தும், சாந்துச்சட்டி சுமக்கும் தலைக்குப் பொருந்தாது. மேலும், வேலையிலிருந்து எப்போது விலகுவது என்பதைப் பலர் தாமே முடிவு செய்வதில்லை. முதலாளியோ முதுகுவலியோ முடிவு செய்கிறது. அறுபதுக்குப் பின் விருப்பத்தோடு உழைப்பது நல்லதுதான். வேறு வழியில்லாமல் உழைப்பதோடு அதைக் குழப்பக் கூடாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வேறுபாடு, நாற்பதுகளில் சேர்த்துவைத்த பணமும் காப்பாற்றிவைத்த மூட்டும்தான்.

வரிசையைத் திருத்துவது நடைமுறையில் எப்படி இருக்கும்? கல்விக்குக் கடன் கிடைக்கும், முதுமைச் செலவுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்காது. ஆகவே பிள்ளையின் கட்டணத்துக்காக வைப்புநிதியைக் காலிசெய்வதைவிடக் கல்விக் கடன் மேல். கல்யாணச் செலவை இருப்புக்கேற்ப வைத்துக்கொண்டு, கடைசித் தவணை எதுவும் அறுபதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. மருத்துவக் காப்பீட்டில் யாரும் கவனிக்காத இன்னோர் இடைவெளி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கானது. எழுபதைக் கடந்த அனைவருக்கும் வருமான வரம்பின்றி 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்புத் தரும் ஒன்றியத் திட்டம் 2024 இறுதியில்தான் வந்தது. நிறுவனம் தந்த காப்பீடு வேலையோடு முடிந்துவிட்டால், நடுத்தர வர்க்கத்தவருக்கு அறுபதிலிருந்து எழுபது வரை ஒன்றுமில்லை. நோய் வந்தபின் காப்பீடு வாங்குவது கடினம் என்பதால், சொந்தப் பாலிசியை நாற்பதுகளிலேயே தொடங்கியாக வேண்டும். மனைவியின் பெயரில் தனிக் கணக்கும், எல்லாவற்றிலும் நாமினியும், ஓர் உயிலும் ஒரே வாரத்தில் முடிகிற வேலைகள். வீட்டை மராமத்து செய்யும்போது கீழ்த்தளத்தில் வழுக்காத தரையோடு ஒரு குளியலறை கட்டுவதும் தயாரிப்புதான்.

இவற்றில் பெரும்பாலானவை புதிதாகப் பணம் கேட்பவை அல்ல. இருக்கும் பணம் எந்த வரிசையில் போகிறது என்பதைக் கேட்பவை. அதனால்தான் இது ஒருவர் தனியாகக் கணினி முன் உட்கார்ந்து முடிக்கிற காரியமாக இல்லை. கணவனும் மனைவியும், வளர்ந்த பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டியது. படிப்புக்கு எவ்வளவு, கல்யாணத்துக்கு எவ்வளவு, பெற்றோர் இருவரின் பிற்காலத்துக்கு எவ்வளவு என்று மூன்று எண்களைப் பிள்ளைகளின் காதுபடச் சொல்லும் பேச்சு நம் வீடுகளில் நடப்பதில்லை. மூன்றாவது எண்ணைச் சொல்லக் கூச்சம். சொன்னால் சுயநலமாகத் தெரியுமோ என்ற பயம். ஆனால் அந்த எண் சொல்லப்படாமல் போனால் அது இல்லாமல் போய்விடாது. இருபது ஆண்டு கழித்து, அதே பிள்ளையின் நாற்பதுகளில், அவர் தன் குழந்தைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில், ஆஸ்பத்திரி பில்லாக வந்து நிற்கும்.